சால்வடோரின் மேளமும் டேனியலா மெர்குரியின் குரலும்

பிரேசில் இசை வரலாறு: பகுதி 17

ஜோவாவ் ஜில்பெர்டோ, கயெட்டானோ வெலோசோ, ஜில்பெர்டோ ஜில் ஆகிய மூவருமே வடகிழக்கு பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் பிறந்தவர்கள். மூவரும் நாடறிந்தவர்களானது தெற்கே குடிபெயர்ந்த பிறகுதான் என்பதைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். இசைத்தட்டு நிறுவனங்களும் பெரிய தொலைக்காட்சி நிலையங்களும் ரியோ டி ஜெனீரோவிலும் சாவோ பாவ்லோவிலும் இருந்தன. எது நாட்டின் இசை, எது வட்டார இசை என்பதை அந்த இரண்டு நகரங்களே தீர்மானித்தன. பாஹியாவில் பிறந்த பாட்டு அங்கே போய் உடை மாற்றிக்கொண்ட பிறகே நாட்டுக்குச் சொந்தமானது. 1990களின் தொடக்கத்தில் இந்த வழக்கம் உடைந்தது. பாஹியாவின் தலைநகரான சால்வடோரின் தெருத் தாளத்தைத் தெற்கின் ரசனைக்காக மெலிதாக்காமல், அப்படியே நாட்டின் நடன இசையாக ஆக்கிய பாடகி டேனியலா மெர்குரி. 1965இல் சால்வடோரில் பிறந்தவர்.

அவருடைய கதை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. அபாரமான குரலும் உடல்வீச்சும் கொண்ட ஒரு பெண் மேடையேறினார், நாடு மயங்கியது என்பது ஒன்று. கறுப்பின மக்கள் உருவாக்கிய இசையை ஒரு வெள்ளைப் பெண் எடுத்துக்கொண்டு புகழும் பணமும் சேர்த்தார் என்பது மற்றொன்று. முதல் கதையில் மேளக்காரர்கள் காணாமல் போகிறார்கள். இரண்டாவதில் பாடகியின் உழைப்பும் தேர்வுகளும் காணாமல் போகின்றன. 1992இல் அவர் நாடறிந்தவரானபோது வென்றது ஒரு தனிக்குரல் அல்ல. ஏறத்தாழ 20 ஆண்டுகளாக ஒரு நகரம் கட்டியெழுப்பிய இசை அமைப்பு. அந்த அமைப்புக்குத் தேசிய வாசல் ஒரு வெள்ளைப் பெண்ணின் வழியாகத் திறந்தது பிரேசிலின் நிறப் பாகுபாட்டுக்குச் சான்று. ஆனால் அந்த வாசலுக்குள் எதை எடுத்துச் சென்றார் என்பதில் டேனியலாவுக்கு உரிய பெருமையை மறுக்க முடியாது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று முரண்படாத உண்மைகள் என்பதே இந்தப் பகுதியின் வாதம்.

முதலில் அந்த நகரம். 1549 முதல் 1763 வரை போர்ச்சுகீசியப் பிரேசிலின் தலைநகராக இருந்தது சால்வடோர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வந்திறங்கிய பெருந்துறைமுகங்களில் ஒன்று. அடிமை முறை 1888இல் ஒழிந்த பிறகும் நகரத்தின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு அதன் செல்வத்திலோ அதிகாரத்திலோ பங்கு கிடைக்கவில்லை. கார்னிவல் திருவிழாவிலும் அதே நிலைதான். வசதி படைத்தவர்களின் ஊர்வலக் குழுக்களில் கறுப்பின இளைஞர்களுக்கு இடமில்லை. அதற்கு எதிர்வினையாக 1974இல் லிபெர்டாடே பகுதியின் குருசு தெருவில் ‘இலே ஐயே’ என்ற குழு பிறந்தது. கறுப்பின மக்கள் மட்டுமே அணிவகுக்கும் குழு என்று அது அறிவித்துக்கொண்டது. ராணுவ ஆட்சி நடந்த காலம் அது. 1975 கார்னிவலில் அவர்கள் முதன்முறை தெருவுக்கு வந்தபோது, உள்ளூர்ப் பத்திரிகை அவர்களையே இனவாதிகள் என்று சாடியது. ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடினால் அவர்களையே பிரிவினைக்காரர்கள் என்று சொல்வது எந்நாட்டுக்கும் பொதுவான வழக்கம் போலும். அந்தச் சாடலால் குழு கலையவில்லை. அதைப் பார்த்து மேலும் பல குழுக்கள் தோன்றின.

அவற்றில் 1979இல் பெலோரின்யோ என்ற பழைய நகரப் பகுதியில் தொடங்கிய ஒலொடும், இசையளவில் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. இலே ஐயேவில் பயின்று ஒலொடுமுக்கு வந்த நெகின்யோ டு சம்பா என்ற மேளத் தலைவர், சம்பாவின் ஓட்டத்தையும் ஜமைக்காவின் ரெகே இசையின் சாய்வான அடியையும் இணைத்து ‘சம்பா-ரெகே’ என்ற தாளத்தை வடிவமைத்தார். சுர்டு எனப்படும் பெரிய மேளங்களை வெவ்வேறு சுருதிகளில் பிரித்து, தடித்தவை நடையைத் தாங்க, மற்றவை அவற்றுக்கிடையே பேசிக்கொள்ள, மேலே சிறிய மேளங்கள் குச்சிகளால் நெருங்கி அடிக்க, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே உடலாக முழங்கும் ஏற்பாடு அது. ஒரு பாட்டு நிற்பதற்குக் குரலும் மேளமும் போதும் என்று அது காட்டியது. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் பெலோரின்யோவுக்கு வந்து ஒலொடுமைப் பதிவு செய்து தமது 1990 ஆல்பத்தின் முதல் பாடலில் வைத்தார் என்றால், தாளம் எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பது விளங்கும்.

இதே நகரத்தில் இன்னொரு மரபும் இருந்தது. 1950 கார்னிவலில் டோடோ, ஓஸ்மார் என்ற இரு நண்பர்கள் ஒரு பழைய ஃபோர்டு காரில் ஒலிபெருக்கி பொருத்தி, தாங்களே செய்த மின்நரம்புக் கருவிகளை வாசித்தபடி தெருவில் போனார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘டிரியோ எலெத்ரிகோ’. இன்று அது ஒலிபெருக்கிச் சுவர்களைச் சுமந்து, கூரையில் முழு இசைக்குழுவை ஏற்றிக்கொண்டு மெல்ல ஊரும் ராட்சத லாரி. கறுப்பினக் குழுக்களின் மேளமும் டிரியோவின் மின்கருவிகளும் 1980களில் ஒன்றையொன்று தொட்டன. 1985இல் பாடகர் லூயிஸ் கால்டாஸ் வெளியிட்ட ‘மாஜியா’ ஆல்பம், உள்ளூரிலேயே பதிவான பாஹிய நடன இசைக்கு நாடெங்கும் சந்தை உண்டு என்று நிரூபித்தது. வெஸ்லி ரான்ஜெல் நடத்திய டபிள்யூ.ஆர். ஒலிப்பதிவுக்கூடம் இருந்ததால், பாடகர்கள் பதிவுக்காகத் தெற்கே ஓட வேண்டியிருக்கவில்லை. 1987இல் லூசியானோ கோமெஸ் எழுதிய ‘ஃபாராவோ’ என்ற பாடல், எகிப்தின் பழங்கதையைக் கறுப்பினப் பெருமையாக மாற்றி, ஒலொடுமின் ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான வாய்களில் ஒலித்தது. அதன் பிறகே ஒலிநாடாவுக்குப் போனது. இந்தப் புதிய இசைக்கு ‘ஆஷே’ என்ற பெயர் நிலைத்தது. ஏளனமாகச் சூட்டப்பட்ட பெயர்தான். நகரம் அதையே ஏற்றுக்கொண்டது.

டேனியலா இந்தச் சூழலின் நடுவே வளர்ந்தார். சிறு வயதிலிருந்து நடனம் கற்றவர். பாஹியா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் நடனமே படித்தார். அந்தத் துறை 1956இல் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக அளவில் நடனம் கற்பித்த பிரேசிலின் முதல் துறை அதுதான். பதின்வயதிலேயே மதுக்கூடங்களில் பாடத் தொடங்கி, டிரியோ லாரிகளில் பின்னணிக் குரல் கொடுத்து, ஜில்பெர்டோ ஜிலின் குழுவிலும் பின்னணி பாடி, 1980களின் இறுதியில் ‘கொம்பான்யியா கிளிக்’ குழுவின் பாடகியாக இருந்துவிட்டு, 1991இல் தனி ஆல்பம் வெளியிட்டார். இந்தப் பயிற்சியைக் கவனிக்க வேண்டும். லாரியின் கூரையில் மணிக்கணக்கில் ஆடிக்கொண்டே பாடுவதற்கு நல்ல குரல் மட்டும் போதாது. மூச்சை எங்கே சேமிப்பது, எந்த அடியில் உடலை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். கறுப்பினக் குழுக்களின் நடன அசைவுகளை அவர் கூர்ந்து பயின்றார். மேளத்தின் மேல் பாடாமல் மேளத்துக்குள் பாடினார். அந்த முதல் ஆல்பத்தில் பெயர் வாங்கித் தந்த ‘ஸ்விங் டா கோர்’ பாடலை எழுதியவர், ‘ஃபாராவோ’வை எழுதிய அதே லூசியானோ கோமெஸ். டேனியலாவின் முதல் வெற்றியே கறுப்பினக் குழுக்களின் பாடலாசிரியரிடமிருந்து வந்தது என்பது தற்செயல் அல்ல.

1992 ஜூன் மாதம் சாவோ பாவ்லோ நகரின் பாவ்லிஸ்டா நிழற்சாலையில், மாஸ்ப் கலை அருங்காட்சியகத்தின் அடியில் உள்ள திறந்த வெளியில், அலுவலகக்காரர்களுக்காக நடக்கும் இலவச மதிய நிகழ்ச்சி ஒன்றில் அவர் பாடினார். தெற்கில் அவரைப் பெரிதாக யாருக்கும் தெரியாது என்று எண்ணித்தான் ஏற்பாடு நடந்தது. சுமார் 20,000 பேர் திரண்டதாக மதிப்பிடப்பட்டது. போக்குவரத்து நின்றது. கூட்டம் தாளத்துக்கு ஏற்பக் குதித்ததில் கட்டடம் அதிர, பாதுகாப்புக் கருதி நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. நடுவே தூணே இல்லாமல் 74 மீட்டர் இடைவெளி விட்டு நிற்கும் அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் லினா போ பார்டி. மக்கள் கூடுவதற்கென்றே அந்த வெளியைத் திறந்து விட்டவர். அதற்கு முன் சால்வடோரில் சில ஆண்டுகள் வாழ்ந்து, அங்கே நவீனக் கலை அருங்காட்சியகத்தை நிறுவி, அம்மக்களின் கைவினையைத் தீவிரமாகப் பயின்றவர். 1992 மார்ச்சில் அவர் காலமானார். மூன்று மாதம் கூட ஆகவில்லை. அவர் திறந்துவைத்த வெளியைச் சால்வடோரின் தாளம் நிரப்பியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இது விளம்பரத்தின் வேலை. பெரிய நிறுவனமும் குளோபோ தொலைக்காட்சியும் தூக்கிவிட்டால் யாரும் நட்சத்திரம் ஆகலாம் என்பார்கள். நிகழ்ச்சிகளின் வரிசையே இதற்குப் பதில். சோனி வெளியிட்ட ‘ஓ காண்டோ டா சிடாடே’ ஆல்பம் அந்த மதியத்துக்குப் பின்னால் வந்தது. குளோபோவின் சிறப்பு நிகழ்ச்சி அந்த ஆல்பத்தையும் அடுத்து வந்தது. மதிய வேளையில் சாலையை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தை எந்த நிறுவனமும் வரவழைக்கவில்லை. நிறுவனங்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகே வேகம் காட்டின. ஆல்பம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் பின் இசைத்தட்டு நிறுவனங்கள் சால்வடோரின் குழுக்களைத் தேடிப் போயின. விளம்பரம் ஒரு வெற்றியைப் பெரிதாக்கும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்த வெற்றி தெருவில்தான் தொடங்கியது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அதை மழுப்பிச் செல்வது நேர்மையாகாது. மார்கரெத் மெனெசெஸ் கறுப்பினப் பாடகி. 1987இலேயே ‘ஃபாராவோ’வைப் பதிவு செய்தவர். பாடகர் டேவிட் பைர்னின் உலகச் சுற்றுப்பயணத்தில் மேடையேறிப் பல நாடுகளில் கைதட்டல் பெற்றவர். 1990இல் அவருடைய ‘எலெஜிபோ’ ஆல்பம் பில்போர்டின் உலக இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்படியிருந்தும், 1992இல் டேனியலாவுக்குக் கிடைத்த வரவேற்பு அவருக்குத் தாய்நாட்டில் கிடைக்கவில்லை. குரலிலோ மேடை ஆளுமையிலோ அவர் எவருக்கும் குறைந்தவர் அல்லர். டிரியோ மேல் பாடிய முதல் பெண்ணும் டேனியலா இல்லை. 1970களிலேயே பாடகி பேபி கொன்சுவேலோ பாடிவிட்டார். ஆக, இசை தயாராக இருந்தது, பாடும் பெண்களும் இருந்தார்கள். நாட்டின் தொலைக்காட்சித் திரை எந்த நிறத்து முகத்தை வரவேற்கத் தயாராக இருந்தது என்பதுதான் வேறுபாடு. டேனியலாவின் 1992 ஆல்பத்தின் புகழ்பெற்ற தலைப்புப் பாடல், நகரத்தின் நிறமே தான் என்று பாடுகிறது. பெரும்பான்மையினர் கறுப்பினத்தவரான ஊரில் ஒரு வெள்ளைப் பெண் அப்படிப் பாடுவதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்ததில் நியாயம் உண்டு. அந்தப் பாடலின் ஆசிரியர்களாகப் பதிவாகியிருப்பவர்கள் டோட்டே ஜிரா, டேனியலா இருவரும். டோட்டே ஜிராவின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தால் மறுப்பின் கனம் புரியும்.

ஆனால் இந்த மறுப்பிலிருந்து டேனியலா இசையைத் திருடினார் என்ற முடிவுக்குத் தாவுவது சரியல்ல. கறுப்பின இசையை வெள்ளையர் பாடிய நிகழ்வுகள் இருபதாம் நூற்றாண்டில் பல உண்டு. பெரும்பாலானவற்றில் மூலத்தின் அடையாளம் அழிக்கப்பட்டது. தாளம் மெலிக்கப்பட்டது, ஊர்ப்பெயர் நீக்கப்பட்டது. டேனியலாவின் ஆல்பங்களில் நடந்தது வேறு. 1992 ஆல்பத்திலேயே இலே ஐயேவைப் புகழும் ‘ஓ மாயிஸ் பேலோ டோஸ் பேலோஸ்’ இடம்பெற்றது. அதுவரை நாளிதழ்ச் சாடலையும் அலட்சியத்தையும் சந்தித்த குழுவின் பெயரை நாடெங்கும் மக்கள் வாய்விட்டுப் பாடினார்கள். 2000இல் வந்த ‘சோல் டா லிபெர்டாடே’ ஆல்பத்திலும் அதே குழுவைப் போற்றும் பாடல் உண்டு. எட்டு ஆண்டு இடைவெளியில், புகழின் உச்சியில் இருந்தபோதும், அவர் அந்த மூலத்தை விட்டு விலகவில்லை. பதிவுகளில் மேளம் பின்னணிக்குத் தள்ளப்படாமல் பாட்டின் முதுகெலும்பாகவே ஒலித்தது. பெயரையும் தாளத்தையும் சொந்தக்காரர்களிடமிருந்து பறிப்பவர் இப்படிச் செய்வதில்லை. அவர் செய்தது அங்கீகாரம் வாங்கித் தருவது. அவரால் வாங்கித் தர முடியாதது செல்வத்தின் பங்கு. ஒரு பாடகியின் நல்லெண்ணத்தால் சரியாகிற விஷயம் அல்ல அது.

செல்வம் என்றதும் கயிற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். சால்வடோர் கார்னிவலில் டிரியோ லாரியைச் சுற்றித் தடித்த கயிறு கட்டி, விலைகொடுத்துச் சட்டை வாங்கியவர்களை உள்ளேயும் மற்றவர்களை வெளியேயும் நிறுத்தும் வழக்கம் வளர்ந்தது. ‘அபாடா’ எனப்படும் அந்தச் சட்டை விலையுயர்ந்தது. உள்ளே ஆடியவர்களில் வெள்ளையர் அதிகம். குறைந்த கூலிக்குக் கயிற்றைப் பிடித்து நடந்தவர்களில் கறுப்பினத்தவர் அதிகம். ஆஷே இசையின் எழுச்சி இந்த வியாபாரத்தைப் பன்மடங்கு பெருக்கியது. டேனியலாவும் அந்த ஏற்பாட்டின் மேல்தான் நின்று பாடினார். இது அவருடைய தனிக் குற்றம் என்று சொல்ல முடியாது. பணம் வாங்கும் ஊர்வலக் குழுக்கள் அவருக்கு முன்பே பெருகியிருந்தன. நகராட்சியும் விளம்பரதாரர்களும் அவற்றை வளர்த்தார்கள். எனினும், சமத்துவத்தைப் பாடிய இசை மக்களைச் சமமின்றிப் பிரிக்கும் கயிற்றுக்கு நடுவே ஒலித்தது என்பதை வரலாறு பதிவு செய்தாக வேண்டும். ஆஷேயின் வெற்றியை மட்டும் எழுதி, கயிறு பிடித்தவர்களை விட்டுவிடுவது பாதி வரலாறு.

மூன்றாவது மறுப்பு அவருடைய பிற்காலத்தைப் பற்றியது. 1990களின் இறுதியிலிருந்து பாடகி இவெட்டே சங்காலோ அவரைவிடப் பெரிய கூட்டங்களை ஈர்த்தார், டேனியலாவின் காலம் முடிந்தது என்பார்கள். விற்பனையை மட்டும் அளவுகோலாக வைத்தால் அது சரி. ஆனால் 1996இன் ‘ஃபெய்ஜாவ் கோம் அஹோஸ்’ ஆல்பத்தில் தன் இசையின் எல்லையை விரித்தவர், 2000 கார்னிவலில் டிரியோ லாரி மேல் டி.ஜே.க்களை ஏற்றி, மின்னணு நடன இசையைக் கொண்டுவந்தார். மரபைக் கெடுக்கிறார் என்று கண்டனம் வந்தது. கண்டித்தவர்கள் டிரியோவின் பிறப்பை மறந்தார்கள். 1950இல் மின்கருவியைத் தெருவுக்குக் கொண்டுவந்ததுதான் அந்த மரபின் தொடக்கமே. கணினித் தாளத்தை மேளத்தோடு மோத விடுவது அதன் இயல்பான அடுத்த கட்டம். 2004இன் ‘கார்னவால் எலெத்ரோனிகோ’ ஆல்பம் அந்தச் சோதனையை முழுமையாக்கியது. அதில் வந்த, இசைக்கலைஞர் கார்லின்யோஸ் பிரவுனின் ‘மாயிம்பே டாண்டா’ அவ்வாண்டு கார்னிவலை ஆட்டிவைத்தது. பழைய வெற்றியைத் திரும்பத் திரும்பப் பாடியே அவர் காலம் தள்ளியிருக்கலாம். அதைச் செய்யாதது அவருடைய கலைநேர்மைக்குச் சான்று.

அதே துணிவு மேடைக்கு வெளியிலும் தெரிந்தது. எய்ட்ஸ் தடுப்புக்காக ஆணுறைப் பயன்பாட்டை ஆதரித்துப் பேசிவந்த காரணத்தால், 2005இல் வாடிகனின் கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சிக்கு வந்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. உலகிலேயே கத்தோலிக்கர் அதிகம் வாழும் நாட்டின் பாடகிக்கு இது சிறிய இழப்பு அல்ல. அவர் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. 2013இல் ஒரு பெண்ணுடன் வாழ்வதை அவர் வெளிப்படையாக அறிவித்தார். அவ்வாண்டே மணமும் செய்துகொண்டார். தன்பாலினத் திருமணங்களைப் பதிவாளர்கள் மறுக்கக் கூடாது என்று தேசிய நீதிக் கழகம் உத்தரவிட்டதும் அதே ஆண்டில்தான். குடும்பங்கள் கூடிப் பார்க்கும் கார்னிவல் நட்சத்திரம் ஒருவர் அந்த நேரத்தில் அப்படி நின்றது, பெயரில்லாத பலருக்குத் துணையாக இருந்தது.

ஆக, அவரை எங்கே வைப்பது? இசையைப் படைத்தவர்களின் வரிசையில் முதலிடம் நெகின்யோ டு சம்பாவுக்கும் லூசியானோ கோமெஸ், டோட்டே ஜிரா போன்றவர்களுக்கும் இலே ஐயே, ஒலொடும் குழுக்களின் பெயர் தெரியாத மேளக்காரர்களுக்கும் உரியது. தெற்கின் அனுமதி இல்லாமலே ஒரு வடகிழக்கு நகரத்தின் இசை நாட்டின் இசையாகலாம் என்று நிறுவியவர்களின் வரிசையில் டேனியலாவுக்கு முதலிடம் தரலாம். இந்த இரண்டு வரிசைகளையும் ஒன்றாகக் குழப்பியதே இதுவரை எழுதப்பட்ட வரலாறுகளின் குறை. அவரைக் கொண்டாடுபவர்கள் மேளக்காரர்களின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லட்டும். அவரைக் குறை கூறுபவர்கள் தங்கள் கோபத்தை நிறம் பார்த்து வாசல் திறந்த நிறுவனங்களின் பக்கம் திருப்பட்டும். 2023இல் மார்கரெத் மெனெசெஸ் பிரேசிலின் பண்பாட்டு அமைச்சராகப் பொறுப்பேற்றார். 1990இல் நாடு தர மறுத்த மரியாதை இத்தனை ஆண்டு கழித்து வந்தது. தாமதமாக வந்த நீதி மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் தாமதத்துக்கான காரணத்தை அது அழித்துவிடாது.

அடுத்த பகுதியில் ரியோவின் குன்றுக் குடியிருப்புகளுக்குப் போகிறோம். அங்கே பிறந்த ஃபங்க் இசையும், அதிலிருந்து எழுந்த அனிட்டா என்ற பாடகியும், வாசல் யாருக்காகத் திறக்கிறது என்ற இதே கேள்வியை இணைய யுகத்தில் மீண்டும் எழுப்புகிறார்கள். சால்வடோர் கற்றுத் தந்த பாடத்தை ரியோ எந்த அளவுக்குக் கற்றுக்கொண்டது என்பதை அங்கே பார்க்கலாம்.

(தொடரும்)